வேல்ஸ்காரர் சொல்லாமல் விட்டது

ஜெறாட்,

நேற்றும் நீ தொலைபேசியில் கேட்டாய். "அப்பா, மன்னாரில இருந்து கடிதம் இன்னும் வரேல்லையோ? ஃபாதர் ஒவ்வொரு ஞாயிறும் கேக்கிறார். அந்தப் பத்திரம் இல்லாட்டில் கலியாணத்துக்கு நாள் தரமாட்டாராம்." நானும் வழக்கம்போல, "சண்டை முடிஞ்ச இடம், தபால் பிந்தும், கொஞ்சம் பொறு" என்றேன். அது பொய். கோயிலில் கலியாணம் கட்டுவதென்றால், ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலிலிருந்து புதிதாக எழுதி வாங்கிய பத்திரம் வேண்டும் என்பது உனக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கும் தெரியும். அது வந்து மூன்று கிழமை. என்னுடைய மருந்துப் பெட்டிக்குக் கீழே, உறை கிழித்தபடி கிடக்கிறது. நம்முடைய கோயில் எத்தனை எறிகணை விழுந்தும் பதிவேட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நான் ஒரு எறிகணையும் விழாத இந்த மொன்றியலில் இருந்துகொண்டு உன்னைக் காப்பாற்றவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். நீ கட்டப்போகிற மெலனி கடகடவென்று வாசிப்பாள். ஆனால் அவளிடம் கொடுக்காதே. முதலில் நீ வாசி. மெதுவாக வாசித்தால் நல்லது, கோபம் ஒரே அடியாக வராது. ஆங்கிலத்தில் எழுதலாம்தான். உணவகக் குசினியில் பேசிப் பழகிய என் ஆங்கிலத்துக்கு "கிழங்கை உரி, வாளியைக் கழுவு" என்பதற்கு மேல் போக முடியாது. இதை எழுத எனக்கு என்னுடைய சொல் வேண்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன்னுடைய கனடாப் பத்திரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிற பிறந்த ஆண்டு பிழை. நீ அதைவிட இரண்டு வயது மூத்தவன், கோயில் பதிவேட்டில் இருப்பதுதான் சரி. பிழை விட்டது அலுவலகக்காரன் இல்லை. நான்தான்.

கொழும்பில் எங்களை ஏற்றி அனுப்பிய ஏஜென்சிக்காரனிடம் அப்போது கைவசம் இருந்தது ஒரு புருசன், பெண்சாதி, மூன்று வயதுப் பிள்ளையின் பாஸ்போட்தான். உனக்கு ஐந்து. அகதி முகாமில் சாப்பாடு இல்லாமல் நீ குச்சி மாதிரி இருந்ததால், "மூண்டெண்டு சொன்னால் ஆரும் நம்புவினம், அண்ணை. ஆனா பெடியன் வாய் திறக்கக் கூடாது" என்றான். மிறபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது பாஸ்போட்டைக் கிழித்தெறிந்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றும் அவன்தான் சொன்னான். எங்களோடு வந்த மற்றவர்கள் அப்படித்தான் செய்தார்கள். அகதி விண்ணப்பத்தில் பெயர், ஊர், வயது, எல்லாம் உண்மை எழுதினார்கள், ஒருவரையும் யாரும் திருப்பி அனுப்பவில்லை. நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா! விமானத்தில் ஏறியவர்களின் பட்டியலில் மூன்று என்று இருக்கும், நாங்கள் ஐந்து என்று எழுதினால் பிடித்துவிடுவார்கள் என்று நானே யோசித்து, நானே பயந்து, பெயரையும் ஊரையும் உண்மையாக எழுதிவிட்டு உன் வயதை மட்டும் மூன்று என்று எழுதினேன். அம்மா என் முழங்கையை இடித்தாள். "சும்மா இரு" என்று அவளை அடக்கினேன். பேனாவை வைத்து ஒரு நொடியில் எழுதிய இலக்கம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பத்திரமும் முந்தியதைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது.

அந்த ஒரு இலக்கத்தை அம்மாவும் நானும் வளர்த்த கதையைக் கேட்டால் நீ சிரிப்பாய், இப்போது சிரிக்க மாட்டாய். பார்க் எக்ஸ்டென்ஷனில் முதல் வீட்டில் இருந்தபோது உனக்கு முன்பல் விழுந்தது. பத்திரப்படி உனக்கு நாலு வயது. கார்டறி என்கிற காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற பெண் உன் வாயைப் பார்த்துவிட்டு என்னவோ கேட்க, அம்மா கையைக் காலை ஆட்டி, நீ மாடிப்படியில் விழுந்துவிட்டாய் என்று விளங்கப்படுத்தினாள். அடுத்த கிழமை அடுத்த பல். திரும்பவும் படி. மூன்றாவது பல் விழுந்தபோது அந்தப் பெண், இந்த வீட்டில் பிள்ளையை அடிக்கிறார்களோ என்ற பார்வையோடு அம்மாவைப் பார்த்தாளாம். அம்மா வீட்டுக்கு வந்து அழுதாள். பத்திரத்தில் பன்னிரண்டு ஆகும்போது உனக்கு மீசை கறுத்துவிட்டது. "எங்கட ஆக்களுக்கு அப்பிடித்தான், கெதியா முளைக்கும்" என்று உன்னிடமும் சொன்னோம், ஆசிரியரிடமும் சொன்னோம். நீ நம்பினாய். பெற்ற தாய் தகப்பனை நம்பாமல் வேறு யாரை நம்புவாய்.

இரண்டு வயது சின்னப் பிள்ளைகளோடு இருந்தபடியால் நீ எதிலும் முன்னுக்கு நின்றாய். கணக்கு, ஓட்டம், உயரம் எல்லாவற்றிலும். நானும் வெட்கமில்லாமல் பெருமைப்பட்டேன். உதைபந்தும் அப்படித்தான் வந்தது. நான் மன்னாரான், கோயில் பெருநாளுக்குப் பெருநாள் பந்தடி பார்த்து வளர்ந்தவன். மைதானத்தின் நடுவில் நின்று, பந்து வருவதற்கு முன்பே அது எங்கே போகவேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கிறவனைக் கண்டால் எனக்குத் தெரியும். நீ அப்படி ஆடினாய். பாதி உன் மூளை, பாதி அந்த இரண்டு வயது. எது எவ்வளவு என்று அன்றைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அதுதான் நான் உனக்குச் செய்த முதல் அநியாயம், ராசா. உனக்கு உண்மையிலேயே என்ன இருந்தது என்பதையே உனக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டேன்.

வேல்ஸ்காரர் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் உங்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்தபோது உனக்குப் பத்திரத்தில் பதின்மூன்று. நீ அவரைக் கோச் என்பாய். வீட்டில் நாங்கள் வேல்ஸ்காரர் என்போம். சனிக்கிழமைகளில் உன்னைக் கூட்டிக்கொண்டு மெத்றோவில் ஆற்றைக் கடந்து வருவேன். அவர் தடித்த வலது முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு, மைதான ஓரத்து வாங்கில் என் பக்கத்தில் இருப்பார். என் ஆங்கிலம் அவருக்குப் பாதி விளங்கும், அவருடைய ஆங்கிலம் எனக்குக் காற்பங்கு. ஆனாலும் அந்த இரண்டு ஆண்டில் அவருடைய வாழ்க்கை முழுவதையும் துண்டு துண்டாகக் கேட்டுவிட்டேன். இந்த ஊரில் எனக்கு நண்பன் என்று சொல்ல இருந்த ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். நீ அறிந்த கோச் கத்துகிறவர். நான் அறிந்தவர் வேறு.

அவருடைய ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லையாம். பதினாறு வயதில் இங்கிலாந்தில் ஒரு பெரிய கழகம் எடுத்தது. எடுத்து என்ன, இரண்டு வருடமும் பெரிய ஆட்டக்காரரின் சப்பாத்தைச் சுரண்டிக் கழுவுவதுதான் வேலை. முதல் அணியில் ஆடவே விடவில்லை. பிறகு ஒரு சின்னக் கழகத்துக்கு விற்றார்கள். அங்கேதான் ஆள் வெளியே தெரிந்தார். மழையிலும் சேற்றிலும் நடுவில் நின்று, கோல் போடுகிறவனுக்குப் பந்து பிடுங்கிக் கொடுக்கிற வேலை. "என்ர பேர் பேப்பரில வராது, ஆனா நான் இல்லாட்டில் அவன்ர பேரும் வராது" என்பார், நான் என் தமிழில் எழுதுகிறேன். ஒருநாள் வேல்ஸ் நாட்டு அணிக்குக் கூப்பிட்டார்கள். சின்ன நாடு, உலகக் கிண்ணத்துக்குப் போகிற வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போகிற அணி. அப்படி ஒரு முக்கியமான ஆட்டத்துக்கு முன்னால் அவருக்கு முழங்கால் வீங்கிப் போனது. வைத்தியர் கேட்டபோது ஒன்றுமில்லை என்று பொய் சொல்லிவிட்டு இறங்கினார். ஆட்டமும் தோற்றது, முழங்காலும் போனது. அதற்குப் பிறகு மூன்று சத்திரசிகிச்சை, ஒன்றைவிட ஒன்று கீழான கழகங்கள், கடைசியில் கனடாவில் ஒரு பருவம். இங்கே ஒரு கியூபெக் பெண்ணைக் கட்டி, லொங்குய்யில் சின்ன வீடு. முப்பத்தொரு வயதில் ஆட்டம் முடிந்த மனுசன். "பேந்து மிச்ச வாழ்க்கையை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறதெண்டு ஆரும் சொல்லித் தரேல்லை" என்றார் ஒரு தடவை.

ஒருமுறை நம் இருவரையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் அந்தத் தொப்பியைக் காட்டினார், ஞாபகம் இருக்கிறதா? நாட்டுக்காக ஆடினவனுக்கு அங்கே உண்மையாகவே ஒரு தொப்பி கொடுப்பார்களாம், வெல்வெட்டில் தைத்து, குஞ்சம் வைத்து. நான் பகிடி என்று நினைத்தேன். அதை எடுத்து உன் தலையில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தார். நீ சிரிக்கவேயில்லை. கண்ணாடியில் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். இவன் இதை நம்பத் தொடங்கிவிட்டான், இந்த மனுசனும் நம்பத் தொடங்கிவிட்டார், ஐயோ கடவுளே, எனக்கு மட்டும்தானே தெரியும் என்று நினைத்தேன். அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பயணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே தந்திரம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.

பத்திரப்படி உனக்குப் பதினைந்து நடந்தபோது, அவர் முன்பு இருந்த பெரிய கழகத்துக்கு உன்னைப் பற்றி எழுதிப்போட்டார். பதினைந்து வயதுப் பையன்களை எடுத்து மூன்று கிழமை வைத்துப் பார்க்கிறார்களாம். வரச்சொல்லிவிட்டார்கள். நீ வீட்டுக்குள் குதித்த குதியில் கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் கம்பால் கூரையைத் தட்டினார். அம்மா அழுதுகொண்டே புட்டு அவித்தாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை, நீ உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த நேரம், வேல்ஸ்காரர் என்னைத் தன் காருக்குள் கூப்பிட்டு இருத்தினார். "நான் சின்ன வயசில இருந்து பெடியளின்ர காலைப் பாத்துக்கொண்டு வாறன். உது பதினைஞ்சு வயசுக் கால் இல்லை. எனக்குக் கொஞ்ச நாளாவே தெரியும், கேக்கப் பயந்தன். இப்ப அவங்கள் பத்திரம் கேக்கிறாங்கள், வயசு பிடிக்க எலும்பையும் படம் எடுத்துப் பாப்பாங்கள். சொல்லும், எத்தினை வயசு?" என்றார். நான் பதினேழு என்றேன். பத்திரத்தில் எழுதிய கதையையும் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக வெளி ஆள் ஒருவரிடம் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பெடியனுக்குச் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் ஏன் நடந்தது என்று தெரியாது. இங்கிலாந்துப் பயணம் சரிவராது என்று இரண்டே சொல்லில் உனக்குச் சொன்னார். அதோடு விடவும் அவரால் முடியாது. பதினேழு வயதுக்காரனைத் தெரிந்துகொண்டு பதினைந்து வயது அணியில் ஆடவிடுவது களவு. அதனால் உன்னை அணியிலிருந்து தூக்கிப் பெரிய பையன்களோடு பயிற்சிக்கு விட்டார். உனக்கு அது தண்டனையாகத் தெரிந்தது. "நான் என்ன பிழை விட்டனான், கோச்?" என்று நீ எல்லோருக்கும் முன்னால் கேட்டாய். "ஒண்டும் இல்லை" என்றார். அது உண்மை. அந்த உண்மையைவிடக் கொடுமையான பதில் வேறு இருக்கவில்லை. நீ வீட்டுக்கு வந்து சப்பாத்தைச் சுவரில் அடித்தாய். "அவன் ரேசிஸ்ட், அப்பா. நான் தமிழன் எண்டபடியாத்தான். வேற என்ன?" என்று கத்தினாய். நான் கதிரையில் இருந்து, "ஓம் மகன். வெள்ளையள் உள்ளுக்குள்ள அப்பிடித்தான்" என்றேன். வாசித்தாயா? அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. அம்மா குசினியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை நீ காணவில்லை.

நீ அதைக் கோயிலில் சொன்னாய், பள்ளிக்கூடத்தில் சொன்னாய், அணியிலிருந்த ஹெயிட்டிப் பையன்களின் தாய் தகப்பனிடம் சொன்னாய். அவர்களுக்கு வேறு வேறு இடங்களில் உண்மையாகவே பட்ட காயங்கள் இருந்தன, உடனே நம்பினார்கள். கழகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதி, பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்தில் நீ என் பக்கத்தில் இருந்தாய். வேல்ஸ்காரர் முன்னால் ஒரு மேசையில் தனியாக இருந்தார். நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார், பாவம். ஏன் அந்தப் பையனை நீக்கினீர்கள் என்று தலைவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும், அது என்னுடைய தீர்மானம் என்று மட்டும் சொன்னார். முறைப்பாட்டுக் கடிதம் கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. என்னிடம் வந்தபோது அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை, சும்மா பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன். வடிவாக, முழுப் பெயரும் எழுதிப் போட்டேன். அந்த மாதமே அவருக்கு வேலை போனது. இந்த மாகாணத்தில் வேறு ஒரு கழகமும் அவரை எடுக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பரவு வேலைக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நீ அத்தோடு பந்தைத் தொடவில்லை. படிப்பையும் பாதியில் விட்டாய். இப்போது டவுன்டவுனில் ஒரு உணவகக் குசினியில் நிற்கிறாய். நான் இருபது வருடம் தட்டுக் கழுவி முதுகு முறிந்ததே, நீ அந்த ஈரத் தரையில் நிற்கக்கூடாது என்றுதானே! உன் கலியாணத்துக்கு ஒரு தகப்பனாகப் புத்திமதி சொல்லவேண்டும் என்று அம்மா சொல்கிறாள். என்ன புத்திமதி சொல்ல எனக்கு வாய் இருக்கிறது? ஒன்று மட்டும் சொல்லலாம். மெலனியிடம் எதையாவது மறைத்து வைத்திருந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லிவிடு. சொல்லப் பொருத்தமான நாள் ஒன்று வரும் என்று காத்திருக்காதே. நானும் அம்மாவும் இருபத்தொரு வருடம் காத்திருந்தோம். வரவில்லை. வந்தது தபால்தான். இந்தப் பத்திரம் வந்த அன்று அம்மா, "வேற ஒரு காரணம் சொல்லுங்கோப்பா. தண்ணி பட்டு அழிஞ்சு போச்செண்டு சொல்லுங்கோ. பிள்ளை கலியாணச் சந்தோசத்தில இருக்கிறான்" என்று என் காலைப் பிடிக்காத குறையாக அழுதாள். அவளைக் கோபிக்காதே. அவள் செய்ததெல்லாம் என்னைப் பார்த்துப் பயந்து செய்தது.

மேலே காருக்குள் நடந்ததை எழுதினேனே, அதில் ஒன்றை விட்டுவிட்டேன். நேற்று எழுதியபோது கை வரவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். இன்று காலை எழும்பி எழுதுகிறேன். பதினேழு என்று நான் சொன்ன பிறகு அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார் என்றேன் அல்லவா? பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு பேசினார். "பதினைஞ்செண்டால் இவன் என்னைவிடப் பெரிய ஆளா வருவானெண்டு நினைச்சன். பதினேழெண்டால், பதினேழில நான் எப்பிடி இருந்தனோ அப்பிடி இருக்கிறான். பெரிய கழகம் சரிவராது. ஆனா எங்கட ஊருக்குப் பக்கத்தில ஒரு கல்லூரி இருக்கு, ஒரு சின்னக் கழகத்தோட சேர்ந்தது. பதினேழு வயசுப் பெடியளை எடுப்பாங்கள், படிப்பும் பந்தும். நான் சொன்னால் நாளைக்கே எடுப்பாங்கள். நீர் செய்யவேண்டியது ஒண்டுதான். பத்திரத்தைத் திருத்தும். நானும் கூட வாறன், நடந்ததை அவங்களுக்குச் சொல்லுவம்" என்றார். "உம்முடைய பெடியன் பந்தடிச்சுச் சாப்பிடுவான். அது மட்டும் எனக்குத் தெரியும்" என்றார்.

நான் மாட்டேன் என்றேன். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அப்போதுதான் உள்ளே போயிருந்தது. பொய் சொன்னோம் என்று நாமே போய் நின்றால் மூன்று பேரையும் பிடித்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று எனக்கு ஒரே பயம். ஊரில் அப்போது சண்டை உச்சம். அவர் விடவில்லை. அடுத்த சனியும் கேட்டார், அதற்கடுத்த சனியும் கேட்டார். குடியுரிமை வரட்டும், பேந்து பார்ப்பம் என்றேன். குடியுரிமை அடுத்த வருடம் வந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம். அப்போதும் போகவில்லை. கொடுத்ததைப் பறித்துவிடுவார்களோ என்று அதற்கும் ஒரு பயம். போன கிழமை, பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிற தமிழ் வழக்கறிஞர் ஒருவரிடம், யாரோ ஒருவருக்கு நடந்தது என்று சொல்லி இதைக் கேட்டேன். "சின்னப் பிள்ளையின்ர வயசு தானே அண்ணை, ஏஜென்சிக்காரரால வந்த பிழை. கோயில் பத்திரத்தையும் ஒரு சத்தியக் கடதாசியையும் குடுத்தால் திருத்திப் போடலாம். எத்தினையோ பேருக்குச் செய்திருக்கிறன்" என்றார். அப்போது, ஒன்பது பத்து வருடத்துக்கு முன்பும், செய்திருக்கலாமோ என்று கேட்டேன். "ஓம், அப்பவும்தான்" என்றார். வெளியே வந்து மெத்றோவுக்குப் போகிற வழி எனக்குப் பிடிபடவில்லை. இருபது வருடம் நடந்த தெரு.

ஆகவே உன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது வேல்ஸ்காரர் இல்லை. அவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கிழமைக்குக் கிழமை நின்றார். நான்தான் சாத்தினேன். சாத்திவிட்டு, சாத்தியவர் அவர் என்று உன்னை நம்பவைத்து, அவருடைய சோற்றிலும் மண்ணைப் போட்டேன். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை, ராசா. கேட்டால் நீ தரவேண்டி வரும், அந்தப் பாரத்தையும் உன் தலையில் வைக்க எனக்கு விருப்பமில்லை. பத்திரத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஃபாதரிடம் கொடு, அவர் கேட்டால் உண்மையைச் சொல்லு. கலியாணத்துக்கு நான் வரக்கூடாது என்று நினைத்தால் அம்மாவிடம் ஒரு சொல் சொல்லிவிடு. அவள் தனியாக வருவாள். நான் உன்னிடம் ஏன் என்று கேட்கமாட்டேன்.

போன வியாழக்கிழமை லொங்குய்க்குப் போனேன். அதே வீடு. கதவைத் திறந்தவர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் அடையாளம் பிடிபட்டுவிட்டது. தள்ளி நின்று வழிவிட்டார். பால் விட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். உனக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்று சொன்னேன். அவருக்குச் சந்தோசம் வரும் என்று நினைத்தேன். "ஏன்? என்னை வெறுத்துக்கொண்டு அவன் வாழலாம், நான் அவனுக்கு ஆர்? தகப்பனை வெறுத்துக்கொண்டு எப்பிடி வாழுவான்?" என்றார். அன்றைக்குக் கூட்டத்தில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். என்னைப் பேயனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அவன் உமக்குப் பக்கத்தில எல்லே இருந்தவன்" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து, நீ இப்போது எங்கே விளையாடுகிறாய் என்று கேட்டார். விளையாடுவதில்லை என்றேன். "பார்க்கிலயும் இல்லையோ? ஞாயிற்றுக்கிழமையில, சிநேகிதரோட?" இல்லை என்றேன். கோப்பையை மேசையில் வைத்தார். "உண்மையான வயசு இப்ப என்ன?"

"இருபத்தாறு."

அவர் அந்த இலக்கத்தைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, "இருபத்தாறிலதான் நான் ஆகத் திறமா ஆடினனான்" என்றார்.

ஜெறாட், அவருடைய விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முதலில் அங்கே போ. என்னிடம் வருவதா இல்லையா என்பதைப் பிறகு யோசி.

அப்பா